‘யார் எழுதிக் கொடுத்தது?’ என்று கேட்பவர்களுக்கு

பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று சொந்தமாக ஆய்வு செய்து விருது வாங்கியது என்று செய்தி வந்தால், நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘அப்பா என்ன வேலை பார்க்கிறார்?’ இரண்டாவது, ‘யார் எழுதிக் கொடுத்தது?’ அண்மையில் மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: ‘சாட்ஜிபிடியா?’ மூன்றையும் கேட்டு முடித்தவர் ஒரு தீர்ப்பும் சொல்லிவிட்டுத்தான் எழுந்து போவார். பிள்ளைகளின் ஆய்வுக்கு மதிப்பெண்ணும் வேண்டாம், பரிசும் வேண்டாம். மூன்று மணி நேரம் தேர்வு அறையில் உட்காரவை, தெரிந்ததை எழுதட்டும், அதுதான் எல்லோருக்கும் பொதுவான நியாயம்.

படித்தவர்கள், ஆசிரியர்கள், கல்வியைப் பற்றி அக்கறையோடு பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் இந்த நியாயம் தவறு என்பது என் கட்சி. புவியியல் பாடத்தை வைத்துச் சொல்கிறேன். ஏனென்றால் அந்தப் பாடத்தில்தான் இந்தத் தவறின் சேதம் மிகுதி.

முதலில் இங்கிலாந்து. இந்த விஷயத்தில் அவர்கள் துணிந்து ஓர் ஏற்பாட்டைச் செய்து, அதன் நல்லது கெட்டது இரண்டையும் அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் பிளஸ் டூவுக்கு இணையான ஏ-லெவல் படிப்பில் புவியியல் எடுக்கும் மாணவர் ஒவ்வொருவரும் ‘தனி ஆய்வு’ ஒன்று செய்தாக வேண்டும். 2016 செப்டம்பரில் தொடங்கிய பாடத்திட்டத்தின் விதி இது. 2018-இல் முதல் அணி தேர்வெழுதி வெளியே வந்தது. மொத்த மதிப்பெண்ணில் 20 சதவீதம் இதற்குப் போகிறது. படிப்புக் காலத்தில் குறைந்தது நான்கு நாளாவது களத்தில் இறங்கியிருக்க வேண்டும். கேள்வி மாணவருடையதாக இருக்க வேண்டும். தரவுகளை நண்பர்களோடு சேர்ந்து திரட்டலாம்; அலசுவதும் முடிவுக்கு வருவதும் எழுதுவதும் தனியாக. அறிக்கை 3,000 முதல் 4,000 சொல் வரை இருக்கலாம் என்பது வழிகாட்டல். ஆசிரியர் திட்டத்தைப் பார்த்து ஒப்புதல் தரலாம், பொதுவாக வழி சொல்லலாம். வரைவை வாங்கி வரிவரியாகத் திருத்தித் தரக் கூடாது. பள்ளியே மதிப்பெண் போடும். தேர்வு வாரியம் சில அறிக்கைகளை வரவழைத்து, போட்டது சரிதானா என்று சோதிக்கும்.

இதற்கு மேல் ஒரு மரியாதையும் உண்டு. 1830-இல் தொடங்கிய ராயல் புவியியல் சங்கம், ஏ-லெவல் மாணவர்களின் சொந்த ஆய்வில் சிறந்ததற்கு ரான் குக் பெயரில் விருது தருகிறது. அவர் பாலைவன நிலவடிவங்களை ஆராய்ந்தவர், யார்க் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர், அந்தச் சங்கத்துக்கே தலைமை வகித்தவர். பாலைவனத்தில் அலைந்து வேலை செய்த ஒருவரின் பெயர், தன் ஊர்க் கடற்கரையில் அளவுநாடா பிடித்த பதினெட்டு வயதுப் பிள்ளையின் பக்கத்தில் நிற்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

எதிர்ப்பவர்களுக்கு அப்படிப் படவில்லை. அவர்கள் வாதங்களில் வலுவானது முதல் கேள்விதான்: இது பிள்ளையின் வேலைதானா?

இந்தச் சந்தேகம் வானத்திலிருந்து குதித்ததில்லை என்பதை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். நம் ஊரில் ‘ப்ராஜெக்ட்’ நடக்கும் லட்சணம் எல்லோருக்கும் தெரியும். ‘இந்தியாவின் மண் வகைகள்’ என்று தலைப்பு கொடுப்பார்கள். பிள்ளை ஸ்டேஷனரி கடைக்கு ஓடி, வெட்டி ஒட்டுவதற்கென்றே அச்சடித்து விற்கும் படத்தாளை வாங்கிவரும். ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா கத்தரிப்பார், அப்பா தெர்மகோலில் பசை தடவுவார், பிள்ளை தூங்கிப்போயிருக்கும். கண்காட்சி என்றால் சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து பொங்கவைக்கும் எரிமலை. ரெக்கார்டு நோட்டோ போன வருஷத்து அக்காவின் நோட்டைப் பார்த்து எழுதுவது. அக்கா வரைபடத்தில் அளவுகோலைத் தப்பாகப் போட்டிருந்தால் அந்தத் தப்பும் பரம்பரைச் சொத்தாக வந்து சேரும். இதைப் பார்த்துப் பழகியவர் ‘மாணவர் ஆய்வு’ என்றதும் உதட்டைப் பிதுக்குவதில் அதிசயமில்லை.

ஆனால் மேலே சொன்ன எதிலாவது ஒரு கேள்வி இருக்கிறதா? கரிசல் மண் எங்கே இருக்கிறது என்பது அச்சடித்த தாளிலேயே இருக்கிறது. பிள்ளை கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை. கண்டுபிடிக்க எதுவும் இல்லாத வேலையை அப்பா செய்தால் என்ன, ஜெராக்ஸ் கடைக்காரர் செய்தால் என்ன! ஆய்வே நடக்காத இடத்தைக் காட்டி, ஆய்வு மோசடியானது என்று தீர்ப்புச் சொல்கிறோம்.

சரி, மாற்றாக அவர்கள் முன்வைக்கும் தேர்வு அறை எப்படி? பேனா பிடிக்கும் கை பிள்ளையுடையது, மறுக்கவில்லை. விடை யாருடையது? ‘தென்மேற்குப் பருவக்காற்றை விளக்குக’ என்ற கேள்விக்கு ஆயிரக்கணக்கான தாள்களில் ஒரே வரிசையில் ஒரே குறிப்புகள் வருகின்றன. கைடில் இருந்தது, ட்யூஷனில் ஒப்பிக்கவைத்தது, அப்படியே வந்து இறங்குகிறது. எழுதிக் கொடுத்தவர் பள்ளிக்கு வெளியே இருக்கிறார், முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டார் என்பதால் அது நேர்மையாகிவிடுகிறது. நாம் காவல் காப்பது பிள்ளையின் கையை மட்டும்தான்.

இனி ஓர் ஆய்வைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். இங்கிலாந்தின் தென்கரையில் ஈஸ்ட்போர்ன் என்றொரு ஊர். மணலைவிடக் கூழாங்கல் மிகுந்த கரை. கரையிலிருந்து கடலுக்குள் நீட்டியபடி மரத் தடுப்புகள் வரிசையாக நிற்கும். இந்தப் பகுதியில் அலை கற்களை மேற்கிலிருந்து கிழக்கே தள்ளிக்கொண்டு போகிறது. ஆகவே ஒவ்வொரு தடுப்புக்கும் மேற்குப் பக்கம் கல் குவிந்து உயர்ந்திருக்கும், கிழக்குப் பக்கம் தாழ்ந்திருக்கும். பாடப்புத்தகம் சொல்வது இவ்வளவு. ஒரு மாணவி ஆறு தடுப்புகளை எடுத்துக்கொண்டு, தடுப்பின் மேல்விளிம்பிலிருந்து கல்மட்டம் வரை இரு பக்கமும் நாடாவை விட்டு அளக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் புத்தகம் சொன்னபடி வருகிறது. ஆறாவதில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே உயரம்.

சோம்பேறிப் பிள்ளை அந்த எண்ணைப் பிழை என்று அடித்துவிடும். கெட்டிக்காரப் பிள்ளை அதைச் சத்தமில்லாமல் திருத்திவிடும். விருதுக்குரிய பிள்ளை மறுபடி போய் அளக்கும். மறுபடியும் அதே எண் வந்தால் ஊரில் விசாரிக்கும். இந்தக் கரைப் பகுதியில், அலை அடித்துக்கொண்டு போன கூழாங்கல்லை லாரியில் அள்ளிவந்து பழைய இடத்திலேயே கொட்டி, புல்டோசரால் நிரவும் வேலை வழக்கமாக நடக்கிறது என்று அப்போது தெரியவரும். அலையின் வேலையை அளப்பதாக நினைத்து லாரியின் வேலையையும் சேர்த்தே அளந்திருக்கிறோம் என்று புரிந்ததும், மாணவியின் கேள்வியே திசை மாறுகிறது. மனிதர் ஓயாமல் கைவைக்கும் ஒரு கரையில் இயற்கையின் போக்கை எந்த அளவு பிரித்துப் பார்க்க முடியும்? மிச்ச ஐந்து தடுப்புகளின் எண்களையாவது நம்பலாமா? அறிக்கையின் கடைசியில் இதை எழுதும் இரண்டு பக்கத்துக்குத்தான் விருது. நேர்த்தியான வரைபடம், புள்ளியியல் சூத்திரம், வழவழ அட்டை இவை எல்லாம் யாரும் செய்துதரக் கூடியவை.

நம் கரையிலும் இதே பாடம் திறந்துதான் கிடக்கிறது. சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர் வடக்கே போகும் மணலை மறித்ததால்தான் தெற்கே மெரினா இவ்வளவு அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. காசிமேட்டுப் பிள்ளை இதைப் புத்தகத்தில் படித்து நாலு மதிப்பெண் வாங்குகிறது. வீட்டிலிருந்து நடந்து போய் அளக்க யாரும் சொல்லவில்லை.

ஈஸ்ட்போர்ன் மாணவியின் எதிரில் ஒரு நடுவர் உட்காருகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். ஏன் ஆறோடு நிறுத்தினாய்? நாடாவின் மறுமுனையை யார் பிடித்தது? அளக்கும்போது கடல் ஏறிக்கொண்டிருந்ததா, இறங்கிக்கொண்டிருந்ததா? ஆறாவது தடுப்பை இரண்டாம் முறை அளக்கப் போனது எதற்காக? அப்பா எழுதிக் கொடுத்த அறிக்கை என்றால் பத்து நிமிடத்தில் சாயம் வெளுத்துவிடும். வாரியத்தால் ஒவ்வொரு மாணவரோடும் இப்படி உட்கார்ந்து பேச முடியாது, ஆள் போதாது. விருதுக்குக் கடைசிச் சுற்றில் நிற்பவர்கள் ஒரு கைவிரலில் அடங்குவார்கள். அவர்களோடு அரை மணி நேரம்கூடப் பேசலாம். பொய் மிக எளிதாக மாட்டக்கூடிய இடம் விருதுதான். எதிர்ப்பாளர்கள் மூடச் சொல்வது சரியாக அந்த இடத்தை! விருது தரும் அமைப்பு எதுவாக இருந்தாலும் பேசிப்பார்க்காமல் தரக் கூடாது என்று கேட்டால் நானும் சேர்ந்து கேட்பேன்.

செயற்கை நுண்ணறிவு விஷயத்திலும் சுற்றி வளைக்க விரும்பவில்லை. எந்திரத்துக்கு அறிக்கை எழுதத் தெரியும். போகாத கடற்கரைக்கு அளவீடு தயாரிக்கத் தெரியும். நம்பும்படியாக நடுவே ஒரு முரண் எண்ணைச் செருகவும் தெரியும். பிரிட்டனின் தேர்வு வாரியங்களுடைய கூட்டு அமைப்பு 2023-இல் இதற்கென வழிகாட்டி வெளியிட்டது. தன் சொந்த வேலை என்று மாணவர் உறுதிமொழி தருகிறார். உறுதிமொழிகள் மீது எனக்குப் பெரிய மோகம் கிடையாது. மழையில் நனைந்து மை பரவிய களக் குறிப்பேடு, அன்றைக்கு எடுத்த படங்கள், கூட வந்த தோழர்கள், பிறகு நேர்ப்பேச்சு இவற்றைத்தான் நம்புவேன். பொய் சொல்வது எளிதாகிவிட்டது என்பதற்காக மெய்யைப் பாராட்டுவதை நிறுத்து என்பது என்ன தர்க்கம்? கள்ள நோட்டு பெருகிவிட்டது என்று ரிசர்வ் வங்கி நல்ல நோட்டு அடிப்பதை நிறுத்திவிடவில்லை.

அடுத்த வாதம், பெரிய மனிதத்தனமான வாதம்: பிள்ளைகள் கண்டுபிடிப்பதில் புதிதாக என்ன இருக்கிறது? கல் எந்தப் பக்கம் குவியும் என்று உலகத்துக்குத் தெரியாதா?

இதற்குப் பதில் சொல்ல 1930-களுக்குப் போகவேண்டும். லண்டன் பொருளியல் பள்ளியில் இருந்த டட்லி ஸ்டாம்ப், பிரிட்டனின் நிலம் முழுவதும் எதற்குப் பயன்படுகிறது என்று வயல் வயலாகக் குறிக்க ஆசைப்பட்டார். அரசாங்கத்திடம் அதற்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை. அவர் பள்ளிக்கூடங்களைக் கேட்டார். ஏறத்தாழ இரண்டரை லட்சம் பிள்ளைகள் இறங்கியதாகச் சொல்கிறார்கள். ஒரு மைலை ஆறு அங்குலமாகக் காட்டும் வரைபடத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தத்தம் ஊரைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு துண்டு நிலத்திலும் ஓர் எழுத்தை எழுதினார்கள்: உழுத நிலத்துக்கு ஒன்று, புல்வெளிக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று. அவை சரிபார்க்கப்பட்டு வண்ண வரைபடங்களாக அச்சேறின. உழுத நிலம் பழுப்பு, புல்வெளி இளம்பச்சை, காடு கரும்பச்சை, புதர்க்காட்டு மேடு மஞ்சள். பிறகு உலகப் போர் வந்தது. கப்பலில் வரும் உணவு எப்போது நிற்குமோ என்ற பயத்தில், எந்தப் புல்வெளியை உழலாம் என்று நாடு கணக்குப் பார்த்தபோது மேசையில் விரித்தது பிள்ளைகள் நடந்து குறித்த இந்த வரைபடங்களைத்தான். 1960-களில் ஆலிஸ் கோல்மன் இரண்டாவது கணக்கெடுப்பைத் தொடங்கினார். 1996-இல் ரெக்ஸ் வால்ஃபோர்ட் முன்னின்று மறுபடி பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே ஒன்று நடத்தினார்.

கேள்வி ஸ்டாம்புடையது, பிள்ளைகள் வெறும் கைகள்தானே என்று இங்கே ஒருவர் மடக்கலாம். நல்ல மடக்கு. அந்தக் கணக்கெடுப்பு எனக்கு நிரூபித்துத் தருவது ஒன்றைத்தான்: ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துச் சரிபார்த்தால் பிள்ளைகளின் அளவீடு ஒரு நாட்டின் சோற்றுக்கே ஆதாரமாக நிற்கும். தனி ஆய்வு அதிலிருந்து ஒரு படி மேலே. கேள்வியையும் பிள்ளையிடம் விடுகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்டாம்பின் பெயர் புத்தக அட்டையில் நிற்கிறது. நடந்த பிள்ளைகள் ‘பள்ளி மாணவர்கள்’ என்ற ஒரே சொல்லுக்குள் போய்விட்டார்கள். மாணவர் வேலைக்குப் பெயர் சொல்லி மரியாதை செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் எனக்குத் தேவைப்படவில்லை.

நம்மிடமும் ஒரு முன்னுதாரணம் உண்டு. அது நம் கல்வியாளர்கள் பலர் மறந்துவிட்ட ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தம் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம், கூலி என்ன, கடன் எவ்வளவு, வீடு எப்படி என்று விசாரித்து எழுதச் சொன்னார். அது 1918-இல் ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்ற பொருள்பட ஆங்கிலப் புத்தகமாக வந்தது. விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு, திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டான், காஞ்சிபுரத்தை ஒட்டிய தூசி எல்லாம் அதில் இருக்கின்றன. இவர்கள் கல்லூரி மாணவர்கள், பள்ளிப் பிள்ளைகள் இல்லை; ஆனால் ஏ-லெவல் மாணவருக்கும் இவர்களுக்கும் வயதில் பெரிய தூரமில்லை. 1930-களில் அதே கிராமங்களுக்கு மறுபடி போனார்கள். பிறகும் போனார்கள். ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் 2010-இல் எழுதிய கட்டுரை, இருவேல்பட்டின் 1916 முதல் 2008 வரையான மாற்றத்தைச் சொல்கிறது. அந்தத் தொண்ணூற்றிரண்டு ஆண்டுக் கோட்டின் முதல் புள்ளி ஒரு மாணவர் வேலை. எழுதும்போது அந்த மாணவருக்கும் இதில் என்ன புதிது என்றுதான் தோன்றியிருக்கும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கூலியைத்தானே எழுதினார்? எல்லோருக்கும் தெரிந்ததை அளந்து தேதி போட்டு வைத்தால், அது யாருக்கும் தெரியாததாக மாற ஒரு தலைமுறை போதும்.

அந்தக் காலத்தில் கல்லூரியை எட்டியவர்கள் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லவேண்டியதில்லை. இங்கேதான் மூன்றாவது வாதம் வருகிறது: இதெல்லாம் வசதியுள்ளவர்களுக்கு. இங்கிலாந்திலும் கேட்கிறது இந்தக் குரல். ஐஸ்லாந்துக்குப் பனியாறு பார்க்க அழைத்துப்போகும் பள்ளியும், பஸ் வாடகைக்கே திண்டாடும் பள்ளியும் ஒரே விருதுக்கு மோதுவது நியாயமா? இல்லைதான். ஆனால் இந்தச் சமமின்மை விருதோடு பிறந்ததில்லை. தேர்வு அறையில் அது ட்யூஷன் கட்டணம் என்ற உருவத்தில் உட்கார்ந்திருக்கிறது, அங்கே அதை நாம் கண்டுகொள்வதில்லை. ஆய்விலாவது அதைக் குறைக்க வழி இருக்கிறது. நடுவர்கள் தூரத்துக்கு மதிப்பெண் போடாதிருக்கலாம். ஐஸ்லாந்தில் ஒரு வாரம் இருந்த பிள்ளை, வழிகாட்டி காட்டியதைத்தான் பார்க்கும். வேளச்சேரியில் வளர்ந்த பிள்ளைக்கு எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், எந்தத் தெருவில் கடைசியாக வடியும் என்பது கேட்காமலே தெரியும். 2015 வெள்ளம் எந்தச் சுவரில் எந்த உயரம் வரை நின்றது என்று பக்கத்து வீட்டு ஆயாவைக் கேட்டு அளந்து, ஏரி முன்பு எதுவரை இருந்தது என்ற பழைய வரைபடத்தின் மேல் அந்த எண்களை வைத்தால் போதும். செலவு ஓர் அளவுநாடா, ஒரு ஜெராக்ஸ். வீட்டருகே இருப்பதை ஆராய்வதில் ஏழைப் பிள்ளைக்குத்தான் அனுகூலம் அதிகம். அதை மதிக்கும் நடுவர் வேண்டும், அவ்வளவுதான்.

நேரம் போதாது, சிலபஸ் முடியாது என்பவர்களிடம் வாதாடப் போவதில்லை. ரிவிஷன் என்ற பெயரில் எத்தனை முறை ஒரே பாடத்தை ஒப்பிக்கவைக்கிறார்கள் என்று அவர்களே எண்ணிக்கொள்ளட்டும். பரிசு கொடுத்தால் ஆர்வம் கெட்டுவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. பெரும்பாலும் வரவேற்பறை அலமாரி நிறையக் கோப்பை வைத்திருப்பவர்கள்.

விருதுக்கு நண்பர்களாக வருபவர்களிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது. பிள்ளைகள் மனம் நோகக் கூடாது என்று வந்தவர் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுப்பவர்கள் அவர்கள். நம் கண்காட்சிகளில் பங்கேற்புச் சான்றிதழ் பெட்டி பெட்டியாக வருகிறது. மரத் தடுப்பை இரண்டாம் முறை அளக்கப் போன பிள்ளைக்கும் எண்ணைத் திருத்திய பிள்ளைக்கும் ஒரே தங்க நிறத் தாளைக் கொடுத்தால், திருத்தியவன் புத்திசாலி என்றுதான் மற்றவர்கள் கற்றுக்கொள்வார்கள். சிறந்தது எது என்று சொல்ல வேண்டும். ஏன் சிறந்தது என்று இரண்டு பத்தியாவது எழுதித் தரவேண்டும். அதைப் படித்து அடுத்த வருஷத்துப் பிள்ளை கற்றுக்கொள்ளும். மதிப்பெண் அட்டையில் உள்ள எண் எந்தக் காலத்திலும் அதைச் செய்யாது.

இந்தியாவில் 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, பத்து முதல் பதினேழு வயது வரையான பிள்ளைகளைத் தங்கள் ஊர்ப் பிரச்சினையை எடுத்து ஆராயச் சொல்கிறது. தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கம் அதை மாவட்டம் மாவட்டமாகக் கொண்டுபோயிருக்கிறது. மழை, கண்மாய், மண், குப்பை, கிணற்று நீர் என்று அங்கே பிள்ளைகள் தொடுவதில் பாதி புவியியல்தான். பாராட்டு மட்டும் அறிவியலின் கணக்கில் ஏறுகிறது. புவியியல் ஆசிரியர் மேப் குறிக்கச் சொல்லிக்கொடுத்தபடி வகுப்பிலேயே இருந்துவிடுகிறார். புவியியலின் பேரிலேயே ஒரு மாநில விருது வைப்பதில் என்ன தடை? கேள்வி பிள்ளையுடையதாக இருக்கட்டும், நடுவர் நேரில் பேசட்டும், தேர்ந்ததற்கான காரணம் எழுத்தில் வரட்டும். இவற்றோடு நான் கேட்பது இன்னும் ஒன்றுதான். விழா முடிந்ததும் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்து அனுப்பாமல், எண்கள் எழுதிய மூலத் தாள்களோடு அதை அந்தந்த மாவட்ட மைய நூலகத்தில் வைக்க வேண்டும். இருவேல்பட்டுக்குத் திரும்பிப் போனவர்களைப் போல வேளச்சேரிக்கும் காசிமேட்டுக்கும் யாராவது திரும்பி வரும்போது கேட்டு வாங்கிப் பார்க்கலாம். மாவட்டத்துக்கு ஓர் அலமாரி பிடிக்கும்.